சூசைக்கு நான்கு விநாடி

மிர்ஃபா முகாமின் பயிற்சி அறையில்
ஊருக்குத் திரும்பிய பிரிட்டிஷ் ஆலோசகர்
மறந்தாரோ, விட்டாரோ, ஒரு பெட்டி.
உள்ளே நாற்பத்தொரு தட்டுகள்.
எல்லாம் ரயில். எல்லாம் கறுப்பு வெள்ளை.
எழுபது வருடங்களுக்கு முன்
அவர்கள் ஊர் ரயில்வே
தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படங்கள்.

எங்கள் பிளாக்கில் ஏசி பழுது.
பயிற்சி அறையில் ஓடிக்கொண்டிருந்தது.
அதனால்தான் பார்க்க ஆரம்பித்தோம்,
கலை ஆர்வம் ஒன்றுமில்லை.

இஸ்திரி போட்ட இங்கிலீஷில் ஒரு குரல்
எஞ்சினின் எடை சொன்னது,
பாலத்தின் நீளம் சொன்னது,
நாளொன்றுக்கு எத்தனை டன் கரி,
எத்தனை பெட்டி மீன்.
எஞ்சினுக்குக்கூட
ஏதோ இளவரசியின் பெயர் இருந்தது.
தண்டவாளத்தில் சுத்தியலோடு குனிந்தவர்களை மட்டும்
'ஆட்கள்' என்றது.

ஜெபஸ்டின் ரிமோட்டை எடுத்துக் குரலை அணைத்தான்.
"நான் சொல்றேன், கேளுங்க."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அப்படித்தான்.
கரி அள்ளிப் போடுகிறவன் பால்வண்ணம்,
கோவில்பட்டி, மச்சினனோடு பேச்சு இல்லை.
கேபினில் நெம்புகோல் இழுக்கிறவர் லத்தீப் பாய்,
சர்க்கரை இருக்கிறது, டீயில் சீனி சேர்க்கமாட்டார்.
சேர்த்தார். மூன்று கரண்டி.
"வீட்டம்மா பக்கத்துல இல்லல்ல."
திரையில் விழுவது மழையா, படச்சுருளின் கீறலா
என்று பந்தயம் கட்டினோம், தோற்றவன் டீ வாங்க வேண்டும்.
பெஷாவர்க்காரன் குல் ஜமீனுக்குத் தமிழ் தெரியாது.
அவனும் ஒருவனைக் காட்டிப் பெயர் சொன்னான்.
அண்ணன் பெயராம்.
அண்ணன் இப்போது எங்கே என்று
நாங்கள் கேட்கவில்லை.

பத்தொன்பதாவது தட்டில் மூடுபனி.
சிக்னல் தெரியாத ராத்திரிகளில்
தண்டவாளத்தின் மேல் வெடிவில்லை வைக்க ஓர் ஆள்.
நாய்க்கூண்டு அளவுக்கு ஒரு மரக்குடில்,
ஒரு வாளி நெருப்பு.
சக்கரம் ஏறினால் டப்பென்று வெடிக்கும்,
ஓட்டுநர் பிரேக் பிடிப்பார்.
கண்ணுக்குத் தெரியாததைக்
காதில் விழவைக்கிற உத்தியோகம்.
நான்கு விநாடிதான் வருகிறான்.
தொப்பி. கழுத்தில் கம்பளித் துணி.
காமிராவைப் பார்க்கிறான்,
பார்க்காத மாதிரி
கழுத்தைச் சொறிகிறான்.

ஜெபஸ்டின் ஓட்டிப் பின்னால் கொண்டுபோய்
மறுபடி பார்த்தான்.
"சூசை" என்றான்.
ஊர் சொல்லவில்லை.

ஜனவரியில் எங்களுக்கும் இறங்கியது.
கடல் பக்கமிருந்து ஏறி
ஒட்டகம் நுழையாத வேலியை விழுங்கி
என் பூட்ஸையும் விழுங்கியது.
இருநூற்றுப் பதினோராம் கிலோமீட்டரில்
பகலெல்லாம் மணல் வழித்த மண்வெட்டியோடு நின்றேன்.
இப்போது வெடிவில்லை கிடையாது, வயர்லெஸ் மட்டும்.
எங்கோ கண்ணாடி அறையிலிருந்து ஒரு பெண்
'விலகி நில்' என்றாள்.
விலகினேன்.
கந்தகம் ஏற்றிய ரயில்
வெறும் சத்தமாகக் கடந்தது.
பெட்டிகளை எண்ணினேன், வேறென்ன செய்ய.
எண்பத்தாறில் கணக்குத் தப்பியது.

மார்ச்சில் கம்பெனிக்காரர்கள் படமெடுக்க வந்தார்கள்.
ட்ரோன், வெள்ளைக் குடைகள்,
எங்கள் தலைக்கவசங்களைத் துடைக்க ஒரு பையன்.
ஸ்பானரோடு இடமிருந்து வலமாக நடக்கவேண்டும்.
பேசக்கூடாது.
குரல் பிறகு சேர்ப்பார்களாம்.

நடந்தேன்.
லென்ஸ் என் பக்கம் திரும்பியது,
கை தானாகக் கழுத்துக்குப் போனது.
சரளைக்கல் குவியலுக்கு அந்தப் பக்கம்
ஜெபஸ்டின் சிரிப்பது கேட்டது.

'கட்' என்றார்கள்.
இன்னொரு தடவை, சொறியாமல்.

இரண்டாம் முறை
இரண்டு கையாலும் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டேன்.
நேராக நடந்தேன், நன்றாகவே நடந்தேன்.
அதைத்தான் வைத்திருப்பார்கள்.